அமெரிக்க விடுதலைப் போரை வென்றவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டையொட்டித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மாணவர்களும் படிக்கக்கூடிய எளிய நடையில் அது எழுதப்பட்டிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் அதில் இரண்டு செய்திகளைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. தேயிலை மீது வரியை உயர்த்தியதால் பாஸ்டன் மக்கள் கொதித்தெழுந்தனர் என்பது ஒன்று. ஏர் பிடித்த உழவர்கள் துப்பாக்கி ஏந்தி, மரங்களின் மறைவில் நின்று சுட்டே பிரிட்டிஷ் படையை விரட்டினர் என்பது மற்றொன்று. முன்னது எளிதில் திருத்தக்கூடிய பிழை. பின்னதில் ஓரளவு உண்மை கலந்திருப்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்ததே தவிர ஏற்றவில்லை. விற்காமல் தேங்கிக் கிடந்த சரக்கோடு கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக, அது அமெரிக்காவுக்கு நேரடியாகத் தேயிலை அனுப்பவும், லண்டனில் செலுத்த வேண்டிய சுங்கத்தைத் திரும்பப் பெறவும் அந்தச் சட்டம் வழிவகுத்தது. 1767 முதல் நடைமுறையில் இருந்த பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி அப்படியே நீடித்தது. அந்த வரியையும் சேர்த்துப் பார்த்தாலும், கள்ளத்தனமாக இறக்குமதியான தேயிலையோடு போட்டியிடும் விலைக்குக் கம்பெனித் தேயிலையை விற்க முடிந்தது. மலிவான அந்தத் தேயிலையை வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இடம்பெறாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதே அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேறிகளின் அச்சம். தங்களை ஒதுக்கிவிட்டுக் கம்பெனி தனக்கு வேண்டிய சிலரை மட்டும் விற்பனையாளராக நியமித்ததில் உள்ளூர் வணிகர்களுக்கு இருந்த எரிச்சலும் இதனோடு சேர்ந்துகொண்டது. 1773 டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டதற்குப் பின்னணி இதுதான். அதற்குத் தண்டனையாகத் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் சுயாட்சி உரிமைகளையும் பறித்ததன் மூலம், ஒரு நகரத்தின் சச்சரவைப் பதின்மூன்று குடியேற்றங்களின் பொதுப் பிரச்சினையாக மாற்றிய பெருமை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே சேரும்.

மரத்தின் மறைவிலிருந்து சுட்ட உழவரின் படம் 1775 ஏப்ரல் 19ஆம் நாளிலிருந்து வருகிறது. கான்கார்டில் ஆயுதங்களைக் கைப்பற்றச் சென்ற பிரிட்டிஷ் படை பாஸ்டனுக்குத் திரும்பிய வழி நெடுகிலும், கல்வேலிகளுக்கும் வீடுகளுக்கும் பின்னாலிருந்து ஊர்ப்படையினர் சுட்டனர். அன்று பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் இறந்தனர். இதில் ஐயமில்லை. ஆனால் அதே ஊர்ப்படைகள் பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில், தளபதியாகப் பொறுப்பேற்றிருந்த வாஷிங்டன் வெடிமருந்துக் கையிருப்பைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, ஒரு வீரனுக்கு ஒன்பது முறை சுடும் அளவே மிச்சம் என்று தெரியவந்தது. அந்த முற்றுகை வெற்றி பெற்றதற்குக் காரணம், ஹென்றி நாக்ஸ் என்ற புத்தக வணிகர் டைகான்டரோகா கோட்டையில் கைப்பற்றப்பட்ட ஏறக்குறைய அறுபது பீரங்கிகளைப் பனிக்காலத்தில் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, எருதுகளைப் பூட்டி இழுத்துவந்து சேர்த்ததுதான். அந்தப் பீரங்கிகள் டார்செஸ்டர் மேட்டில் ஏற்றப்பட்டதைக் கண்ட பிரிட்டிஷார் 1776 மார்ச் 17 அன்று பாஸ்டனைக் காலி செய்தனர்.

விடுதலைப் பிரகடனம் வெளியான இரண்டு மாதங்களுக்குள் போரே முடிந்துபோயிருக்கக்கூடும் என்பதைத் தொடர் குறிப்பிடவில்லை. 1776 ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் வாஷிங்டன் படுதோல்வி அடைந்தார். அவருக்குப் பின்னால் ஈஸ்ட் ஆறு, முன்னால் எதிரி, காற்று மட்டும் திசை மாறினால் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்து வழியை அடைத்துவிடும். 29ஆம் தேதி இரவு, ஜான் குளோவர் தலைமையிலான மார்பிள்ஹெட் மீனவர்கள், கையில் கிடைத்த படகுகளையெல்லாம் திரட்டி, பேச்சுமூச்சில்லாமல் மீண்டும் மீண்டும் துடுப்புப் போட்டு ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரை அக்கரை சேர்த்தனர். விடிந்த பிறகும் கரையில் ஆட்கள் மிச்சமிருந்தனர். அப்போது கவிந்த மூடுபனி அவர்களையும் மறைத்தது. வாஷிங்டன் வென்ற போர்களைவிட இந்தத் தப்பித்தலையே அவருடைய தலையாய சாதனையாக நான் கருதுகிறேன். ஏனெனில் நகரங்கள் போனாலும் படை மிஞ்ச வேண்டும் என்ற பாடம் இதற்குப் பிறகுதான் அவருக்கு முழுமையாகப் பிடிபட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தக் காலம் முடியவிருந்த நிலையில், டிசம்பர் 25 இரவு பனிக்கட்டிகள் மிதந்த டெலாவேர் ஆற்றைச் சுமார் 2,400 பேருடன் கடந்து, ட்ரென்டனில் இருந்த பிரிட்டிஷார் அமர்த்திய ஜெர்மானியரான ஹெஸ்ஸியக் கூலிப்படையினரில் ஏறக்குறைய 900 பேரைச் சிறைப்பிடித்தார். போர்க்கணக்கில் இது சிறிய வெற்றியே. ஆனால் கலையவிருந்த படை கலையாமல் நின்றது.

அப்படியானால் ஊர்ப்படையினர் செய்தது என்ன? திறந்த வெளியில் அணிவகுத்து நின்று போரிடுவதில் அவர்கள் பலமுறை சிதறி ஓடினர். 1780 ஆகஸ்டில் கேம்டனில் நடந்தது அதற்குச் சான்று. ஆனால் ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டுப்புறம் அவர்கள் கையில்தான் இருந்தது. பிரிட்டிஷார் நியூயார்க், பிலடெல்பியா, சவான்னா, சார்ல்ஸ்டன் என்று நினைத்த நகரத்தையெல்லாம் பிடித்தனர். ஆனால் குதிரைத் தீவனம் தேடி நகரத்துக்கு வெளியே அனுப்பிய குழு முழுதாகத் திரும்புமா என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லை. மன்னர் பக்கம் நின்ற உள்ளூர் மக்களும், பிரிட்டிஷ் படை அடுத்த ஊருக்கு நகர்ந்தவுடன் ஊர்ப்படையின் பிடிக்குள் வந்துவிட்டனர். சுமார் ஐயாயிரம் கிலோமீட்டர் கடல் கடந்து உணவும் உடையும் ஆளும் வர வேண்டிய ஒரு படைக்கு இது தாங்க முடியாத சுமை. ஊர்ப்படையின் இயல்பை அறிந்து அதற்கேற்பப் பயன்படுத்தியவர் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன். 1781 ஜனவரி 17 அன்று கௌபென்ஸில், இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்குங்கள், அது போதும் என்று அவர்களிடம் சொல்லிவைத்தார். அவர்கள் ஓடுவதாக எண்ணித் துரத்திவந்த பிரிட்டிஷ் படை, பின்னால் காத்திருந்த பயிற்சி பெற்ற படையின் வாயில் வந்து விழுந்தது.

பயிற்சி பெற்ற அந்தப் படை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கே எழுகிறது. 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் ஏறத்தாழ 2,000 பேர் நோயால் மாண்டனர். எஞ்சியவர்களுக்குப் பிரஷ்யப் படையில் பணியாற்றிய ஸ்டூபன் அடிப்படையிலிருந்து பயிற்சி அளித்தார். கனடாமீது படையெடுத்த அமெரிக்கர்களைப் பெரியம்மை குலைத்துப்போட்டதைக் கண்டிருந்த வாஷிங்டன், 1777 தொடக்கத்திலேயே படையினர் அனைவருக்கும் அம்மை குத்த உத்தரவிட்டிருந்தார். போர் வரலாறுகளில் ஒற்றை வரியில் கடந்துபோகும் இந்த முடிவு எத்தனை போர்களுக்குச் சமம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிரான்சின் பங்கு இதைவிடப் பெரியது. 1777 அக்டோபர் 17 அன்று சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னின் படை சரணடைந்த பிறகு, 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது என்பதைப் பாடநூல்களும் சொல்கின்றன. அதற்கு முன்பே, ஒரு போலி வணிக நிறுவனத்தின் பெயரில் பிரெஞ்சு அரசு வெடிமருந்தும் துப்பாக்கிகளும் அனுப்பிக்கொண்டிருந்தது; சரடோகாவில் வெடித்த மருந்தில் பெரும்பங்கு அவ்வழியாக வந்ததுதான். பின்னர் ஸ்பெயினும் நெதர்லாந்தும் களமிறங்க, பிரிட்டிஷ் கடற்படை மேற்கிந்தியத் தீவுகள், ஜிப்ரால்டர், இந்தியா என்று சிதறி நிற்க வேண்டியதாயிற்று. 1783 ஜூனில் நம் கடலூர்க் கரைக்கு அப்பால் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் மோதிக்கொண்டதும் இந்தப் போரின் நீட்சியே.

1781 தொடங்கியபோது அமெரிக்கக் காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது; சம்பளம் கிடைக்காத பென்சில்வேனியா வீரர்கள் புத்தாண்டு நாளன்றே கலகம் செய்தனர். தெற்கே அமெரிக்கத் தளபதி நேதனியல் கிரீன், பெரிய வெற்றி ஒன்றுமில்லாமலே பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸை அலைக்கழித்து, அவருடைய படையைத் தேயவைத்தார். களைத்துப்போன கார்ன்வாலிஸ் வர்ஜீனியாவுக்கு நகர்ந்து, செசபீக் விரிகுடாவை ஒட்டிய யார்க்டவுனில் முகாமிட்டார். கடல் பிரிட்டிஷாரின் கையில் இருக்கும் வரை அது பாதுகாப்பான இடம்தான்.

பிரெஞ்சுத் தளபதி டி கிராஸின் கப்பற்படை செசபீக் நோக்கி வருகிறது என்ற செய்தி ஆகஸ்டில் நியூயார்க் அருகே இருந்த வாஷிங்டனுக்கும் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷாம்போவுக்கும் எட்டியது. நியூயார்க்கைத் தாக்கப்போவதாக எதிரியை நம்பவைக்க, நியூ ஜெர்சியில் ரொட்டி சுடும் அடுப்புகளைக்கூடக் கட்டிவிட்டு, இருவரும் தெற்கே படையை நடத்தினர். போகும் வழியில், சம்பளத்தை நாணயமாகத் தராவிட்டால் நகர மாட்டோம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. ரோஷாம்போவின் பெட்டகத்திலிருந்து கடன் வாங்கித்தான் அமெரிக்க வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 5 அன்று விரிகுடாவின் வாயிலில் டி கிராஸின் 24 கப்பல்களும் கிரேவ்ஸ் தலைமையிலான 19 பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. பிரிட்டிஷ் கப்பற்படை சேதத்தோடு நியூயார்க்குக்குத் திரும்பியது. கார்ன்வாலிஸுக்குக் கடல்வழி அடைபட்டது. விடுதலையின் தலைவிதியைத் தீர்மானித்த அந்தச் சண்டையில் ஓர் அமெரிக்கக் கப்பல்கூட இல்லை.

அக்டோபர் 9 அன்று பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. 14ஆம் தேதி இரவு, காவலாக இருந்த இரண்டு மண்கோட்டைகளில் ஒன்றைப் பிரெஞ்சுக்காரரும், மற்றொன்றை ஹாமில்டன் தலைமையில் அமெரிக்கரும் கைப்பற்றினர். ஓசை எழாதிருக்க அமெரிக்க வீரர்கள் துப்பாக்கியில் மருந்து திணிக்காமல், துப்பாக்கி முனைக் கத்தியை மட்டுமே நம்பிப் பாய்ந்தனர். 16ஆம் தேதி இரவு ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற கார்ன்வாலிஸின் படகுகளைப் புயற்காற்று சிதறடித்தது. 19ஆம் தேதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். உடல்நலக் குறைவைக் காரணம் காட்டிக் கார்ன்வாலிஸ் வரவில்லை. அவர் சார்பில் வந்த ஓஹாரா முதலில் நாடிச் சென்றது ரோஷாம்போவை. அவரோ வாஷிங்டனைக் கைகாட்டினார். வாஷிங்டன், தன் துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டினார். முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டனில் பிரிட்டிஷாரிடம் சரணடைய நேர்ந்தவர் இந்த லிங்கன்தான். கார்ன்வாலிஸை மீட்க நியூயார்க்கிலிருந்து ஒரு கப்பற்படை கிளம்பியதும் அதே 19ஆம் தேதிதான். பிறகு லண்டனில் பிரதமர் நார்த் பிரபுவின் அமைச்சரவை வீழ்ந்ததும், 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானதும் தங்கள் கட்டுரையாளர் அறியாதவை அல்ல.

இந்த வெற்றியில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதும் தொடரில் இடம்பெற வேண்டும். கார்ன்வாலிஸின் முகாமிலேயே இருந்துகொண்டு அமெரிக்கர்களுக்கு உளவு சொன்ன ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட் ஓர் அடிமை. போர் முடிந்த பிறகும் அடிமையாகவே இருந்து, 1787இல்தான் வர்ஜீனியா சட்டமன்றத்தின் தயவால் விடுபட்டார். மறுபுறம், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்தால் விடுதலை என்று பிரிட்டிஷார் அறிவித்ததை நம்பிச் சென்றவர்களில் சுமார் 3,000 பேர் 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறினர். அவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டவர் வாஷிங்டன், மறுத்தவர் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன். மிசிசிப்பி வரையிலான நிலத்தைப் புதிய நாட்டுக்கு எழுதிக்கொடுத்த பாரிஸ் உடன்படிக்கையில், அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட ஒனைடா மக்களைப் பற்றியும்தான்.

தொடரின் அடுத்த பகுதி யார்க்டவுன் முற்றுகையைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். செசபீக் விரிகுடாவின் வரைபடம் ஒன்றை அதனுடன் வெளியிட்டு, டி கிராஸின் கப்பல்கள் எங்கே நின்றன என்பதைக் குறித்துக் காட்டினால் மாணவர்களுக்குப் பெரிதும் உதவும். தேயிலை வரி பற்றிய திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்