மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

தேர்தல் அறிவிப்பு ஒட்டிய அன்று ராத்திரியே நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குவீர்கள். நானும் தொடங்கினேன். இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்த குழுவில் என் படத்துக்கு ஹார்ட்டின் போட்டவர்களே நூற்றைம்பது தேறும். பெட்டியைத் திறந்து எண்ணியபோது எனக்கு விழுந்திருந்தது 94. பதினொரு ஓட்டில் தோற்றேன். மறு ஆண்டு செயலாளர் பதவிக்கு நின்று ஜெயித்தேன். இரண்டுக்கும் நடுவில் புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சீனியர் அட்வைஸ் என்று ஒதுக்காமல் படியுங்கள்.

முதலில், மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னவை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டியோ நோட்டீஸோ கூடாது. கையால் எழுதியதை, ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகனம் கூடாது. (விலங்குகளையும் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. எந்த ஊரில் யார் யானையைக் கூட்டிவந்தார்களோ!) 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. இதிலே பலர் கவனிக்காத வரி ஒன்று உண்டு: நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு தடவைதான் நிற்க முடியும். செயற்குழு உறுப்பினர் என்றால் இரண்டு தடவை. எடுத்த எடுப்பில் தலைவர் பதவிக்குக் குதிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். நான் தோற்றது உறுப்பினர் பதவிக்கு என்பதால் தப்பித்தேன்.

‘டெல்லியில் எல்லாம் கார் ஊர்வலமே போகிறார்களே’ என்பீர்கள். போகிறார்கள். சுவரில் ஒட்டியது யார் என்று கேட்டால் ‘அது நான் இல்லை’ என்று சொல்வதற்காகவே பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடிக்கும் கெட்டிக்காரத்தனமும் அங்கே உண்டு. அது எங்கே போய் முடிந்தது? 2024 செப்டம்பர் 27 அன்று டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு ஓட்டுப் பதிவானது. அசிங்கப்படுத்திய சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. முடிவு வந்தது நவம்பர் 25. கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஜெயித்தவர் யாரென்று ஜெயித்தவருக்கே தெரியாது.

நமக்குச் சார்ட் பேப்பர் போதும். ஆனால் ஸ்கெட்ச் பேனாவில் எழுதாதீர்கள். முதல் வருஷம் ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து நாற்பது சார்ட் எழுதினோம். மறுநாள் சாயங்காலம் ஒரு மழை. என் பெயர் நீலமாக வழிந்து பக்கத்து வேட்பாளரின் படத்துக்குத் தாடி வைத்திருந்தது. அடுத்த வருஷம் பெயின்ட், பிரஷ், பத்தே பத்துப் பலகை.

ஆனால் நான் தோற்றது மழையால் இல்லை. முதல் வருஷம் பிரசாரம் முழுக்க விடுதியில்தான் நடந்தது. ராத்திரி மெஸ்ஸில் மேசை மேசையாகப் போவோம், எல்லோரும் தலையாட்டுவார்கள், வயிறும் மனசும் நிறைந்து திரும்புவோம். தோற்ற பிறகு ஒருநாள் தற்செயலாகக் காலேஜ் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த முதலாண்டுப் பெண் சொன்னாள்: “அக்கா, நீங்க மெஸ் சாப்பாட்டைப் பத்தியே பேசுனீங்க. நாங்க டிபன்பாக்ஸ் கொண்டு வர்றவங்க.” துறை அலுவலகத்தில் கணக்குக் கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் வீட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் எந்த வேட்பாளரும் போனதே இல்லை.

அடுத்த தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே, வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஊருக்குப் போய் அந்தப் பஸ்ஸிலேயே வந்தேன். ஓட்டுக் கேட்கவில்லை, சும்மா பேசிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான். கடைசி வண்டி ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடுகிறது. லேப் முடிய ஐந்தரை ஆகும். சரி, இதையே வாக்குறுதியாக வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் போக்குவரத்துப் பிரிவில் போய் விசாரித்தேன். “ஆறு வண்டியையும் நிறுத்தி வைக்க முடியாதும்மா, டிரைவருங்களுக்கு ஷிப்ட் முடிஞ்சிரும். மதிய ஷிப்ட் வண்டி ஒண்ணை வேணும்னா தள்ளிப் போடலாம். எழுதிக் குடுங்க” என்றார் அங்கிருந்தவர். என் பத்துப் பலகையிலும் இருந்தது அந்த ஒரு வரிதான்: ‘ஒரு பஸ் ஆறரைக்கு’. எதிர்த்து நின்றவர் கட்டணத்தைப் பாதியாக்குவதாக எழுதியிருந்தார். கட்டணத்தைத் தொட மாணவர் பேரவைக்கு அதிகாரமே கிடையாது என்பது ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் தெரியும்.

மேடைப் பேச்சுக்குப் பயப்படுகிறவர்கள் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) ஓட்டுப் பதிவுக்கு முன்னால் நடக்கும் தலைவர் வேட்பாளர் விவாதத்தின் காணொளிகளைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாது. எழுதிவைத்த பேச்சை யார் வேண்டுமானாலும் முழங்கிவிடலாம். கேள்வி வரும்போதுதான் சாயம் வெளுக்கும். நண்பர்களை எதிரே உட்காரவைத்துக் கோபமாகக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

ஓட்டுப் பதிவு நாளில் கோஷம் போட ஆள் தேடாதீர்கள். யாருக்கு அன்று வகுப்பு இல்லை, யார் புராஜெக்ட் என்று வெளியூரில் இருக்கிறார்கள், யார் அடையாள அட்டையைத் தொலைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். முதல் முறை எனக்குப் போட வந்தவர்களில் எட்டுப் பேரையாவது அட்டை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நானே நின்று பார்த்தேன். தோற்றது பதினொன்றில் என்பதை மறுபடி சொல்லவா?

அப்புறம், பில்களைப் பத்திரமாக வையுங்கள். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். நான் கொண்டுபோன தாளை அலுவலக அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரி வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“மைதா ரெண்டு கிலோ. இது எதுக்கும்மா?”

“பசை காய்ச்சண்ணே.”

“பத்துப் பலகைக்கு ரெண்டு கிலோவா?”

மிச்சத்தில் பரோட்டா போட்டோம் என்று நான் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் முன்னாள் செயலாளர்