சொத்து எழுதும்போது தெளிவாக இருந்தவர், கல்யாணம் என்றதும் எப்படி மாறினார்? தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைப்பவள் நான். உயில், செட்டில்மெண்ட் (சொத்தை உறவினருக்கு எழுதித் தரும் பத்திரம்), பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்), அவ்வப்போது திருமணப் பதிவு விண்ணப்பம் என்று என் மேஜைக்கு வருவதில் பெரும்பாலானவை வயதானவர்களின் காகிதங்கள்தான். எந்தக் கட்சி என்று பார்க்காமல் உங்கள் 234 பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தானாக முடிவெடுக்க முடியாமல் போன முதியவர்களுக்குக் காப்பாளர், அதாவது அவர்கள் சார்பில் முடிவெடுப்பவர், நியமிப்பது பற்றி நம் மாநிலத்துக்கு ஒரு தெளிவான சட்டம் வேண்டும். அது இல்லாததால், வயதான காலத்தில் ஒரு துணை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்பவர்களைச் சொந்தப் பிள்ளைகளே புத்தி சரியில்லாதவர்கள் ஆக்கிவிடுகிறார்கள்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர், தன் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் செய்தார். பத்திரம் எழுதியது நான்தான். ‘சுய நினைவோடும் நல்ல மனநிலையோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும்’ என்ற வழக்கமான வரியும் அதில் உண்டு. விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரத்தில் பதியவில்லை. மகன்தான் அப்பாவின் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினார். “விருப்பப்பட்டுத்தானே எழுதித் தர்றீங்க?” என்று அதிகாரி கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் மகன் “ஆமாம் சார்” என்றார். மருத்துவச் சான்று எதையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதே பெரியவர் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவருடன் வந்தார். அவரும் துணையை இழந்தவர், கிறிஸ்தவர். இருவரும் மதம் மாற விரும்பவில்லை. அதனால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீஸ் 30 நாள் பலகையில் தொங்க வேண்டும். யாரோ அதைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘அப்பாவுக்கு மறதி நோய், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை’ என்று ஆட்சேபணை வந்தது. கூடவே ஒரு மருத்துவச் சான்றும் வந்தது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்களாம், இரண்டு இடத்தில் தவறிவிட்டாராம். “ஏம்மா, வீட்டை எழுதிக் கொடுத்த அன்னைக்கு யாரும் என்னைக் கணக்குப் போடச் சொல்லலையே?” என்று என்னிடம் கேட்டார். அவ்வளவு தெளிவாகக் கேட்டவரைத்தான் புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் அவரை வெளியூரில் உள்ள மகள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆள் வராமல் அதிகாரி யாரை விசாரிப்பார்? அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. ஆட்சேபணை நியாயமற்றது, நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை என்று அதிகாரி கண்டாலும், அந்தச் சட்டப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் செலவுத்தொகை விதிக்க முடியும். 1954இல் அது பெரிய தொகை.

இருவரும் இந்துவாக இருந்திருந்தால் இந்த நோட்டீஸ் தொல்லை இருந்திருக்காது. 1967இல் இதே சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு பதிவு செய்யலாம். ஆனால் அப்படித் திருமணம் முடிந்தபிறகும் ‘அப்பாவுக்குச் சுயபுத்தி இல்லை, திருமணம் செல்லாது’ என்று யாரும் பிரச்சினை கிளப்புவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அழகாகச் சொல்கிறது. மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதால் மட்டுமே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறது: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது. எழுபது வயதில் கல்யாணமா என்று முகம் சுளிக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய வரி அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மனநலச் சிகிச்சை தொடர்பான முடிவுகளோடு நின்றுவிடுகிறது. வீடு, வங்கிக் கணக்கு, திருமணம் எதையும் அது தொடவில்லை.

அதற்கு முன்பிருந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே விசாரணை நடத்திக் காப்பாளரையும் சொத்து மேலாளரையும் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2017இல் அந்த அத்தியாயமே போய்விட்டது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளர் உண்டு, ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலைகளுக்கானது. முதுமையில் வரும் மறதி நோய் அதில் இல்லை. பவர் வாங்கி வைத்திருக்கிறோமே என்பார்கள் பிள்ளைகள். எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பவரும் முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில் உதவாத காகிதம் அது. தெரிந்தும் தெரியாமலும் அதை வைத்துக் காரியம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

நடைமுறையில் பலர் போய் நிற்பது உயர் நீதிமன்றத்தில்தான். 2024இல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி மறுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு பிறகு அவரையே காப்பாளராக நியமித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தென்காசியிலோ தருமபுரியிலோ இருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் உயர் நீதிமன்றப் படியேற முடியுமா?

பிள்ளைகள் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை. இருவரும் இந்து என்றால், அப்பா உயில் எழுதாமல் இறந்தால் புது மனைவியும் முதல் நிலை வாரிசு, பிள்ளைகளோடு சமப் பங்கு. 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி மாற்றாந்தாயும் ‘பெற்றோர்’தான், ஜீவனாம்சம் கேட்கலாம். அம்மாவின் நகை யாருக்குப் போகும் என்ற வேதனை வேறு. அந்நியர் புகுந்து ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயமும் வெறும் கற்பனையல்ல. சிங்கப்பூரில் 87 வயதுப் பணக்கார விதவை ஒருவர், சீனாவிலிருந்து வந்து தன் வீட்டில் தங்கிய முன்னாள் சுற்றுலா வழிகாட்டிக்குத் தன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தையே எழுதிக் கொடுத்திருந்தார். 2014இல் உறவுக்காரப் பெண் ஒருவர் போராடி அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வைத்தார். அந்த ஆள் பிறகு சிறைக்குப் போனார். அங்கே முறையான சட்டம் இருந்தது. அதனால் பத்திரத்தை ரத்து செய்ய ஒரு மன்றமும் இருந்தது.

பங்கு பற்றிய பயத்துக்கு மருந்து என் மேஜையிலேயே இருக்கிறது. சுயசம்பாத்தியத்தைத் திருமணத்துக்கு முன்பே உயிலாகவோ செட்டில்மெண்டாகவோ பிரித்து எழுதிவிடலாம், வரப்போகும் துணைக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை மட்டும் வைக்கலாம். நான் அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களில் மருமகளே பந்தி பரிமாறியிருக்கிறாள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். நன்றாக இருக்கும்போதே ‘எனக்கு முடியாமல் போனால் இவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று பதிவு செய்ய ஒரு பத்திரம் வேண்டும். அந்த ‘இவர்’ மகனாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம், புதுத் துணையாகவும் இருக்கலாம். பெரியவருக்குத் திறன் இல்லை என்று பிள்ளைகள் சொன்னால், மாவட்ட நீதிமன்றம் அவரைத் தனியாக, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக் கேட்க வேண்டும். கணக்கு வராதவருக்கும் யாரோடு வாழ வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். எனவே எந்த முடிவைப் பற்றிய சந்தேகமோ அந்த முடிவை வைத்துத்தான் திறனை அளக்க வேண்டும். காப்பாளர் நியமிக்கப்பட்டாலும், திருமணத்துக்குச் சம்மதிக்கவோ மறுக்கவோ அவருக்கு அதிகாரம் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் காட்ட வேண்டும். செட்டில்மெண்ட் பதிவிலும், எழுதிக் கொடுப்பவரிடம் அதிகாரி தனியாகப் பேசுவதைக் கட்டாயமாக்குங்கள். கல்யாணத்துக்கு ஒரு அளவுகோல், சொத்துக்கு ஒரு அளவுகோல் என்பது என்ன நியாயம்?

இது தில்லியின் வேலை என்று தள்ளிவிட வேண்டாம். திருமணமும் வாரிசுரிமையும் மனநலமும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கை இந்தச் சட்டமன்றம் 1989இலேயே கொடுத்தது. நாடாளுமன்றம் அதைச் செய்தது 2005இல். அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவாருங்கள். கோட்டாட்சியர்களையும் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களையும் எங்களைப் போன்ற பத்திர எழுத்தர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். முக்கியமாக, அந்தப் பெரியவரைப் போன்றவர்களையும் கூப்பிட்டு, பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்