புறநகரைக் கோட்டை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் ஒரு வரைபடம் போட்டு, நகரத்துக்கு ஒரு நிறம், புறநகருக்கு ஒரு நிறம் என்று பூசி, கீழே 'புறநகர் இன்ன கட்சியின் கோட்டை' என்று ஒரு வரி எழுதிவிடுகிறீர்கள். எல்லாப் பத்திரிகைகளும் செய்வதுதான், உங்களை மட்டும் சொல்லவில்லை. ஆனால் நானும் ஒரு புறநகர்வாசி, எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று ஓட்டும் மூன்று பக்கம் போகிறவை. 52 சதவீதம் வாங்கியவர் ஜெயித்தால் மீதி 48 பேரும் அவருடைய நிறத்துக்குள் காணாமல் போய்விடுகிறோம். அப்புறம் அடுத்த தேர்தலில் நூற்றுக்கு மூன்று பேர் மாற்றிக் குத்தினால் 'கோட்டை தகர்ந்தது' என்று எட்டுக் காலத் தலைப்பு. தகர்வதற்கு அங்கே சுவர் எங்கே இருந்தது?

அமெரிக்காவின் ஆரஞ்சு கவுன்டியை (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய புறநகர்ப் பகுதி, முன்னாள் அதிபர் நிக்சன் பிறந்த இடம், குடியரசுக் கட்சிக் கோட்டை என்றால் முதலில் சொல்லப்பட்ட பெயர். 1936இல் ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு 80 ஆண்டுகள் ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர்கூட அங்கே முந்தியதில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் முந்தினார். 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடந்த தேர்தலில் அந்தக் கவுன்டியைத் தொடும் ஏழு தொகுதிகளும் ஜனநாயகக் கட்சிக்கே போயின. சரி, கோட்டை கைமாறிவிட்டது என்று எழுதி முடிப்பதற்குள் 2020 வந்தது. அன்றைக்கு அதிபர் ஓட்டில் பைடனை முன்னால் நிறுத்திய அதே கவுன்டியில், காங்கிரஸ் தொகுதிகளில் இரண்டைக் குடியரசுக் கட்சி திருப்பிப் பிடித்தது. ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. இதற்கு என்ன நிறம் பூசுவீர்கள்?

காரணம் கேட்டால் உடனே 'புதிதாக ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்' என்பார்கள். பாதி உண்மை. லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே பெருகியது நிஜம், கல்லூரி படித்த வெள்ளையர்களில் பலர் பழைய கட்சியை விட்டு நகர்ந்ததும் நிஜம். ஆனால் குடியேறி வந்தவர் என்றாலே ஜனநாயகக் கட்சிப் பக்கம்தான் என்ற கணக்கு அங்கேயே தப்பாகிறது: அதே கவுன்டியின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊர்ப் பக்கம் குடியேறிய வியட்நாம் அகதிகளில் மூத்த தலைமுறையினர் பலர், கம்யூனிசத்தின் மேல் இருந்த வெறுப்பில், நெடுங்காலம் குடியரசுக் கட்சியோடுதான் நின்றார்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் வசதியான புறநகர்த் தொகுதியான கூயோங் கதை இன்னும் சுவாரஸ்யம். 1901இலிருந்து லேபர் கட்சிக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத தொகுதி அது, பிரதமர் மென்சீஸ் 30 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. 2022இல் லேபருக்கு எதிரணியான லிபரல் கட்சியின் அப்போதைய நிதியமைச்சரே அங்கே தோற்றார். ஆனால் லேபரிடம் அல்ல, ஒரு சுயேச்சையிடம், அவர் ஒரு குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். பருவநிலை விஷயத்தில் தங்கள் கட்சி மேல் கோபப்பட்டவர்கள் எதிர்க்கட்சிக்குப் போகாமல் மூன்றாவது கதவைத் தட்டினார்கள். இரண்டு நிறம் மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிக் காட்டுவது?

இன்னொன்று, புறநகர்க்காரன் இயல்பிலேயே இப்படித்தான் ஓட்டுப் போடுவான் என்று எழுதுகிறீர்களே, அந்த 'இயல்பு' எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகரைக் கட்டியபோது வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அரசு உத்தரவாதம் கொடுத்த வீட்டுக் கடனும் அந்த வேலிக்கு முட்டுக்கொடுத்தது. சொந்த வீடும் மனையும் உள்ளவன் கம்யூனிஸ்ட் ஆக முடியாது, அவனுக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கும் என்று அதைக் கட்டிய வில்லியம் லெவிட்டே சொல்லியிருக்கிறார். யாரை உள்ளே விடுவது என்று முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பவர்கள் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்று வியப்பது நல்ல வேடிக்கை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் 1924 முதல் ஓட்டுப் போடுவது கட்டாயம், அதனால் அங்கே இந்தப் பேச்சு அதிகம் எழாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் புறநகரான ஃபெர்குசனைப் பாருங்கள். 2014இல் ஒரு கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகுதான் உலகமே அந்த ஊரை எட்டிப் பார்த்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், அப்போது நகரசபையின் ஆறு உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். உள்ளூர்த் தேர்தல் அதிபர் தேர்தலோடு சேராமல் ஏப்ரலில் தனியாக நடக்கும், பெரும்பாலானவர்கள் போகவே மாட்டார்கள். 2015 ஏப்ரலில் கூட்டம் வந்தது, மூன்று பேர் ஆனார்கள். ஊர் அதே ஊர், ஆட்களும் அதே ஆட்கள். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள்தான் வேறு.

எங்கள் மாதிரி இடங்களில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், வீடு மாறும்போது வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுவது கடைசி வேலையாகி, அப்படியே விட்டுப்போகும். நானே ஒரு தேர்தலை அப்படித் தவறவிட்டவன், அதனால் யாரையும் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை.

வரைபடம் போடவே கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதைப் பக்கத்திலேயே போடுங்கள், எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள் என்பதையும் போடுங்கள். வராதவர்களுக்கும் ஒரு நிறம் ஒதுக்குங்கள், சாம்பல் நிறம் போதும்.

இப்படிக்கு,
ஒரு புறநகர் வாசகர்