சிறைக்குள் இருப்பவருக்கு ஒரு மாதம் போதாது

நீதி அமைச்சர் அவர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

என் அண்ணாவின் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். விளக்கமறியலுக்குப் போகும்வரை மாதந்தவறாமல் டொக்டரின் கையெழுத்து அதில் இருக்கிறது. அதன் பிறகு குறித்த மூன்று திகதிகளுக்கு எதிரே வெறும் கட்டங்கள்தான். ஒருநாள் வாகனம் இல்லை என்றார்கள், ஒருநாள் கூட்டிச் செல்ல ஆள் இல்லை என்றார்கள், மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. சலரோகக்காரரின் காலில் வந்த சிறு புண் பழுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அம்மா பார்க்கப் போனபோது மற்றக் காலைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள்.

கொடூரமான, மனிதாபிமானமற்ற நடத்தைக்கு எவரும் உட்படுத்தப்படலாகாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை. ஆனால் 126(2) ஆம் உறுப்புரையின்படி, அந்த உரிமை மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். தங்கை செய்ய முடியாது. சட்டத்தரணியைத் தேடி, உள்ளே அனுப்பிக் கையெழுத்து வாங்கி, வைத்திய அறிக்கை கைக்கு வந்தபோது 41 நாட்கள் கடந்திருந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். அந்த முறைப்பாட்டையும் அதே ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரியவந்தது.

கைதியின் பாரதூரமான நோயைத் தெரிந்தே புறக்கணிப்பது அரசியலமைப்பு மீறல் என 1976 இல் டெக்சாஸ் கைதி ஒருவரின் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறியது. அந்த மாநிலத்தில் இத்தகைய வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நடமாட முடியாத, தொலைபேசி இல்லாத நோயாளிக்கு இங்கே முப்பது நாள்.

தடுப்பிலிருந்தவர்களின் தாமதத்தை எமது உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் பொறுத்திருக்கிறது. அது நீதியரசர்களின் தற்றுணிபு. நாங்கள் கேட்பது உரிமை. கைதிகளுக்கான ஒரு மாதம், அவர்கள் சட்டத்தரணியைச் சந்தித்து வைத்திய அறிக்கையைப் பெறும் நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். எத்தனையோ திருத்தங்களுக்கு உயர்ந்த கைகள் இதற்கும் உயர வேண்டுமென்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாவின் அடுத்த கிளினிக் வரும் வியாழக்கிழமை.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை