களைக்கொல்லி அடிக்கும் முன் விளையில் நிற்பது என்னவென்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விழுந்ததும் ரப்பர் விளையிலும் (தோட்டத்திலும்) சானல் (பாசனக் கால்வாய்) கரையிலும் முளைக்கிற பச்சை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே பெயர்தான்: காடு. உடனே தெளிப்பான் தோளில் ஏறிவிடுகிறது. அந்தக் காட்டில் பாதி, நம் மாவட்டத்து அடுப்பிலும் வைத்தியர் வீட்டு அம்மியிலும் புழங்கி வந்தவை. அடையாளம் தெரிந்தவர்கள் குறைந்து வருவதால் சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் தகரை. முதல் மழைக்கு முளைத்து முழங்கால் உயரம் வருவதற்குள், பூ வைக்கும் முன்பே கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். நாலு பேருக்கு இரண்டு கை கொள்ளும் அளவு போதும். தேங்காயெண்ணெயில் கடுகும் ஒரு கரண்டி அரிசியும் பொரிந்ததும், பொடியாக அரிந்த கீரையைப் போட்டு உப்பிட்டு, மூடாமல் வதக்க வேண்டும். மூடினால் நிறம் கறுக்கும், பச்சை வாடையும் போகாது. நீர் வற்றியதும் அரைமூடித் தேங்காய், சீரகம், நாலு பல் பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றைச் சதைத்துப் போட்டுக் கிளறினால் துவரன் (பொரியல்) தயார். முற்றிய இலையைப் போட்டால் கசக்கும். அதைவிட, வயிற்றைக் கலக்கிவிடும். தகரை மலமிளக்கி வகைச் செடி என்பதை மறக்கக் கூடாது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பேயாவிரை தகரைக்குப் பக்கத்திலேயே நிற்கும், பூவும் அதே மஞ்சள். தகரைக்கு ஒரு காம்பில் மூன்று இணை இலை; நுனி அகன்று மழுங்கியிருக்கும். பேயாவிரைக்கு நாலு முதல் ஆறு இணை, நுனி கூர்மை. தகரைக் காய் மெலிந்து, சாண் நீளத்துக்கு வளைந்து தொங்கும். பேயாவிரைக் காய் தட்டையாக மேல்நோக்கி நிற்கும். காய் வரும்வரை காத்திருந்தால் கீரைப் பருவம் போய்விடும் என்பதால் இலையை எண்ணிப் பறிப்பதே வழி. பேயாவிரை விதையைத் தின்ற குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதித்து உயிரே போயிருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆடி மாத மருந்துக்கஞ்சிக்கு இப்போது கடையில் பொட்டலம் கிடைக்கிறது. உலர்ந்த பொடிக்குப் பச்சிலைச் சாற்றின் மணம் வராது என்பது எங்கள் கட்சி. ஒரு தம்ளர் நவரை அரிசியையும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் முதல்நாள் ராத்திரி ஊறப்போட்டு, எட்டு தம்ளர் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். முக்குற்றி, சிறுபூளை, பூவாங்குருந்தல், கையாந்தகரை எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. வேர் மண்ணை அலசி, அரைத்துப் பிழிந்த சாற்றை அரிசி வெந்த பிறகே ஊற்ற வேண்டும். சுக்கும் சீரகமும் பொடித்துப் போட்டு, கடைசியாகத் தேங்காய்ப்பால் ஊற்றி உடனே இறக்கிவிடுங்கள். பால் கொதித்தால் திரிந்துவிடும். முயல்செவியையும் சிலர் சேர்ப்பார்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு உண்டு என்பதால் தினமும் குடிக்கிற கஞ்சியில் அது வேண்டாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் இந்தக் கஞ்சியைக் குடிக்கக் கூடாது.

காட்டுச்சேம்பின் தாளை (இலைத்தண்டை) புளி சேர்க்காமல் அரைவேக்காட்டில் இறக்கினால் தொண்டை அரிக்கும். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். தும்பைப் பூ இல்லாமல் ஓணத்துக்கு இடும் அத்தப்பூக் கோலம் தொடங்காது. மற்ற நாளுக்குக் கேந்தியும் வாடாமல்லியும் தோவாளையிலிருந்து வந்துவிடும்.

இனி களைக்கொல்லி மருந்து விஷயம். கிளைபோசேட் அடித்த செடி அன்றே வாடுவதில்லை. இலை வழியே உறிஞ்சி வேர்வரை இறங்கி, மஞ்சளாக நாலைந்து நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். அதுவரை வல்லாரையும் மூக்கிரட்டையும் பார்ப்பதற்குப் பச்சையாகவே நிற்கும்; கீரை பறிக்க வருகிறவருக்கு எதுவும் தெரியாது. கேரளம் 2019-ல் இந்த மருந்தின் விற்பனையையே தடை செய்தது. பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. நம்மூர் விளைகளில் தெளிக்கிறவர்களில் எத்தனை பேரிடம் அந்த உரிமம் இருக்கிறது?

எல்லாக் களையையும் வளர்க்கச் சொல்லவில்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். ரப்பரில் ஏறிப் படரும் மைக்கேனியாக் கொடியை வெட்டி அங்கேயே போட்டால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். வாரி எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும். கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடிக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை, வெட்டுக்காயத்தில் ரத்தம் நிறுத்த அதன் சாற்றைப் பிழிவதைத் தவிர. ரப்பரில் மரவரிசையை ஒட்டிச் சுத்தம் செய்தால் போதும். நடு இடைவெளியை அரிவாளால் அறுத்துவிட்டால் சரிவில் மண்ணும் நிற்கும், தகரையும் அடுத்த மழைக்கு முளைக்கும்.

சானல் கரையிலோ பொதுப்பாதை ஓரத்திலோ மருந்து அடித்தே தீரவேண்டும் என்றால், மருந்தின் பெயரும் அடித்த தேதியும் எழுதிய பலகையை இரண்டு முனையிலும் நட உள்ளாட்சிகள் உத்தரவிட வேண்டும். மழையில் அழியாத பெயின்டில், நடந்து போகிறவர் படிக்கிற அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.