முன்வரிசைக் கதிரைகளை எடுத்துவிடுங்கள்: யாழ்ப்பாணத்து இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் பெரிய இசை நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்கு இடம் கொடுக்கிற மாநகர சபையினருக்கும்,

வணக்கம்.

2024 பெப்ரவரி 9ஆம் திகதி முற்றவெளி மைதானத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடகர் ஹரிஹரன் வந்த நிகழ்ச்சி. பின்னால் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணம் கட்டியவர்களின் பகுதிக்குள் வந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு ஊரில் ஒரே கதைதான்: "எங்கட சனத்துக்கு ஒழுக்கம் இல்லை." படித்தவர்கள் சொன்னார்கள், தேநீர்க்கடையில் சொன்னார்கள், வெளிநாட்டிலிருந்து போன் எடுத்த சொந்தக்காரர்களும் சொன்னார்கள்.

நான் அன்று அங்கே இல்லை. ஆனால் அந்தக் கதையை நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அதற்கு ஒரு காரணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றக் காரணம், அதே ஆண்டு மார்ச் 21ஆம் திகதி இலண்டன் வெம்பிளி அரங்கில் நான் பார்த்த ஹெவி மெற்றல் என்கிற உரத்த ரொக் இசை நிகழ்ச்சி. ஜூடாஸ் பிரீஸ்ற், சாக்சன் என்று இரண்டு பழம்பெரும் குழுக்கள். மூன்றாவதாக யூரியா ஹீப்பும் இருந்தார்கள். ஆனால் சித்தி சோறு போடாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார், ஆகவே அவர்கள் வாசித்து முடிக்கிற நேரத்தில்தான் மச்சாளும் நானும் உள்ளே போனோம்.

இந்தக் குழுக்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜூடாஸ் பிரீஸ்ற் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பக்கத்தில் 1969இல் தொடங்கியது. சாக்சன் யோர்க்சயரின் பார்ன்ஸ்லிக்காரர்கள், நிலக்கரிச் சுரங்கப் பகுதி. இரண்டு குழுக்களின் பாடகர்களும், ரொப் ஹால்ஃபோர்டும் பிஃப் பைஃபோர்டும், 1951இல் பிறந்தவர்கள். நான் பார்த்தபோது ஒருவருக்கு 72, மற்றவருக்கு 73. எங்கள் ஊரில் அந்த வயதில் ஒருவர் மேடையேறினால் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசவைத்து, கையைப் பிடித்து இறக்கிவிடுவோம்.

நான் ஹால்ஃபோர்டை முதலில் கேட்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில். போர்க்காலம், மின்சாரம் இல்லை, பற்றறி குடாநாட்டுக்குள் வரத் தடை. அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து கசற் போடுவார். கை களைத்தால் பாட்டும் களைக்கும், குரல் கீழே இறங்கி இழுபடும். பின்னாளில் ஒழுங்கான மின்சாரத்தில் அதே கசற்றைக் கேட்டபோது இது வேறு யாரோ பாடுகிற வேறு பாட்டு என்றுதான் நினைத்தேன். உலகத்திலேயே உச்சத்தில் கத்துகிற பாடகர்களில் ஒருவரை நான் சில வருடம் தாழ்ந்த குரல்காரர் என்று நம்பியிருந்திருக்கிறேன்!

சரி, வெம்பிளிக்கு வருகிறேன்.

மேடைக்கு முன்னால் தரையில் கதிரைகள் இல்லை. எல்லோரும் நிற்கிறார்கள். உட்கார வேண்டியவர்களுக்கு ஓரங்களில், உயரத்தில், படிபடியாக இருக்கைகள். தரைக்கும் இருக்கைக்கும் வெவ்வேறு வழி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்ட முடியாது, தாண்டுகிற தேவையும் இல்லை. ஏனென்றால் மேடைக்குக் கிட்ட நிற்க ஆசைப்பட்டவர்கள் ஏற்கெனவே கிட்டத்தான் நிற்கிறார்கள்.

மேடைக்கும் முதல் ஆளுக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஓர் இரும்புத் தடுப்பு. அதன் அடிப்பகுதி தகடாகக் கூட்டத்தின் பக்கம் நீண்டிருக்கும், முன்வரிசைக்காரர் அதன் மேலேயே நிற்பார். தள்ளுகிறவரின் பாரமே தடுப்பைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும், ஆகவே அது சரியாது. தடுப்புக்கும் மேடைக்கும் இடையே ஓர் ஒழுங்கை அகலத்துக்கு வெற்றிடம். அதில் பாதுகாப்பு ஊழியர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். ஹால்ஃபோர்ட் வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் மேடைக்கு வந்தபோதுகூட அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடதாசிக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி நிரப்பி முன்வரிசைக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். மூச்சுமுட்டிய ஒரு பெண்ணைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி அந்த வெற்றிடத்துக்குள் இறக்கி, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடத்தில் அவள் சிரித்துக்கொண்டு பக்கவாட்டால் திரும்பி வந்தாள்.

எங்கள் ஊரில் அந்த இடத்தில் நிற்கிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போனில் படம் பிடிக்கிற ஏற்பாட்டாளரின் தம்பிமார்.

கூட்டமும் சும்மா இருக்கவில்லை. நடுவில் ஒரு வட்டம் பிரிந்து, ஆளை ஆள் இடித்து ஆடினார்கள். பார்க்கச் சண்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்கிற நாலு பேர் கையை விரித்து மறித்து, தூக்கி நிறுத்திவிட்டுத்தான் அடுத்த இடி. சாக்சன் வாசிக்கும்போது யாரோ ஒருவரின் ஒற்றைச் சப்பாத்து கழன்றுவிட்டது. எடுத்தவர் அதைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றக் கையால் போன் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தபடி, உரியவர் வரும்வரை நின்றார். அறுபது வயதிருக்கும், முதுகு முழுக்கக் குழுக்களின் பெயர் தைத்த மேலங்கி. நான் கட்டை, அவர் என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி முன்னுக்கு விட்டார்.

நான் சொல்ல வந்த விசயங்களில் இது ஒன்று. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆண்களுக்கு நடுவில் நின்றேன், ஒரு கை தவறான இடத்தில் படவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன், அங்கும் கெட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் நிறைய வெளிச்சம், கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிற ஊழியர்கள், அவர்களில் பெண்களும் உண்டு, எந்த நேரமும் வெளியே போக ஒரு வழி. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது பெண்களுக்கென்று ஓரத்தில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருட்டு. மலசலகூடத்துக்குப் போக அந்த இருட்டுக்குள்ளால்தான் வழி. அன்று பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளைக்காரருக்கு ஒழுக்கம் பிறப்பிலேயே வந்தது என்று யாராவது எழுதினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் செத்துப் படித்தார்கள். 1979 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் த ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு முன், வாசலில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். இருக்கை இலக்கமில்லாத ரிக்கெற், திறந்திருந்த கதவுகளோ சில. உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சனம் தள்ளியது. 1988 ஓகஸ்ற் 20 இங்கிலாந்தின் டொனிங்டனில் நடந்த மெற்றல் திருவிழாவில் இலட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். சேறு, சரிவான தரை, பின்னாலிருந்து வந்த தள்ளு. இரண்டு இளைஞர்கள் கூட்டத்துக்கு அடியில் போய் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திருவிழா நடக்கவில்லை. 1990இல் திரும்ப வந்தபோது ஆட்களின் தொகைக்கு வரம்பு வைத்தார்கள். 1993இல் இசை நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று அரசு வழிகாட்டி நூல் ஒன்று வந்தது, வாசல் எவ்வளவு அகலம், தடுப்பு எப்படி, தண்ணீர் எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. வெம்பிளியில் எனக்கு நீட்டிய தண்ணீர்க் கோப்பைக்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. நாங்களும் அதே வழியால்தான் படிக்க வேண்டும் என்றில்லையே.

இனி நல்லூர்.

தேரன்று காலையில் நல்லூர் வீதிகளில் நிற்கிற சனத்தைவிடப் பெரிய கூட்டம் யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் கூடுவதில்லை. அதே சனம். முற்றவெளியில் தடுப்பைத் தள்ளிய அதே பொடியள், அதே பிள்ளைகுட்டிக்காரர். நல்லூரில் ஏன் அப்படி நடப்பதில்லை? பக்தி என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள். மாநகர சபை 25 நாளும் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்குப் பூட்டுகிறது. மூலைக்கு மூலை தண்ணீர்ப் பந்தல். சாரணர்களும் முதலுதவிப் படையினரும் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சொன்ன நேரத்துக்குச் சுவாமி வெளியே வரும், ஒருவரும் வரும்வரை காத்திருக்காது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். அமைச்சர் வந்தாலும் மேலாடையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முன்னால் நிற்பதற்குக் காசு வாங்குகிற இடம் அந்த வீதியில் கிடையாது. தனக்குரிய இடத்தை யாரோ காசு கொடுத்துப் பிடித்துவிட்டான் என்ற எரிச்சலுக்கு அங்கே வழியில்லை.

உங்கள் நிகழ்ச்சிகளில் முதல் பத்து வரிசைக்கும் வெள்ளைச் சீலை போர்த்திய கதிரைகள். அவற்றில் பாதி ஒன்பது மணிவரை வெறுமையாகக் கிடக்கும், பிரமுகர்கள் இன்னும் வரவில்லை. பாட்டுக்காக நாலு மணிக்கே வந்தவன் நூறு யார் தள்ளி, மூங்கில் தடிக்குப் பின்னால், பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெறுங்கதிரைகள் அவன் கண்ணுக்கு நேரே தெரிகின்றன. அந்த மூங்கிலை அவன் எவ்வளவு நேரம் மதிப்பான் என்று எதிர்பார்க்கிறீர்கள்? பாடகருக்கும் அது நல்லதில்லை. வாசிக்கிறவர்களுக்கு முன்னால் ஆடுகிற முகங்கள் வேண்டும், கைத்தொலைபேசியை நோண்டுகிற பிரமுகரைப் பார்த்துக்கொண்டு யார்தான் உயிரைக் கொடுத்துப் பாடுவார்.

அதனால் கேட்கிறேன், கதிரைகளைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்கள். தட்டுத்தட்டாக மேடை கட்டி அதில் போடுங்கள், வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் அதுதான் வசதி, தலை மறைக்காது. வேண்டுமென்றால் காசையும் கூட வாங்குங்கள், எனக்கு அதில் ஆட்சேபமில்லை. மேடைக்கு முன்னால் உள்ள தரையை நிற்கிறவர்களுக்கு விடுங்கள், ரிக்கெற் விலை குறைவாக இருக்கட்டும், ஆனால் எத்தனை ரிக்கெற் என்று முதலே முடிவெடுத்து அதற்கு மேல் விற்காதீர்கள். இலவசம் என்று அறிவிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியாத ஒரு கூட்டத்தை எந்தத் தடுப்பும் தாங்காது. மாநகர சபையினரே, இடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது இந்தத் தொகையையும் வாசல்களின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கட்டணப் பற்றுச்சீட்டோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை.

இன்னொன்று, முன்னால் வாசிக்கிற குழு. 1980இல் ஜூடாஸ் பிரீஸ்ற் இங்கிலாந்தைச் சுற்றி வந்தபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியது அப்போதுதான் முளைத்த ஒரு கிழக்கு இலண்டன் குழு. பெயர் அயர்ன் மெய்டன். 2007இல் அந்தக் குழு பெங்களூரில் வாசித்தபோது இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் இரயிலேறிப் போனார்கள். அந்த அரைமணி நேரம் பெரிய குழு போட்ட பிச்சையில்லை, மேடைக்கு அடுத்த ஆட்களை அப்படித்தான் வளர்க்கிறார்கள். எங்களிடம் கிற்றார் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இணுவிலிலும் அளவெட்டியிலும் பரம்பரையாகத் தவில் அடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் சமா வைத்தால் எந்த மெற்றல் ட்ரம்ஸ்காரரும் வாயைப் பிளப்பார். சென்னையிலிருந்து ஆள் வரும்வரை நீங்கள் அந்த நேரத்தை அரசியல்வாதிகளின் வாழ்த்துரைக்கும் ஏற்பாட்டாளர் குடும்பத்தின் பொன்னாடைக்கும் கொடுக்கிறீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் சனத்தின் பொறுமை போகிறது.

நேரமும் அப்படித்தான். வெம்பிளியில் யார் எத்தனை மணிக்கு என்று முன்னரே தெரியும், அதன்படியே நடந்தது. முடிந்தபிறகு நாங்கள் பஸ் பிடித்து வீடு போனோம். எங்கள் ஊரில் ஆறு மணி என்றால் எட்டரை, முடிகிற நேரத்துக்கு ஒரு பஸ்சும் இல்லை. சாவகச்சேரியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ வருகிற ஒரு பிள்ளை எப்படித் திரும்பும்? டிப்போவோடு பேசி நாலு பஸ் ஒழுங்குபண்ண ஒரு பாடகரின் ஹோட்டல் அறைக் காசுகூடச் செலவாகாது.

அன்றிரவு ஜூடாஸ் பிரீஸ்ற்றில் கிற்றார் வாசித்தவர்களில் ஒருவர் ரிச்சி ஃபோல்க்னர். 2021 செப்டெம்பரில் அமெரிக்காவில் மேடையில் நிற்கும்போதே அவருடைய பெருநாடி வெடித்தது, அவர் அந்தப் பாட்டை வாசித்து முடித்தார். மருத்துவமனை கிட்ட இருந்ததால், உடனே கொண்டு போனதால், பிழைத்தார். முற்றவெளியிலிருந்து போதனா வைத்தியசாலை ஒன்றும் தூரமில்லை. ஆனால் உங்கள் நிகழ்ச்சி நடக்கிற இரவுகளில், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் நிறுத்திய அந்த வீதியால் ஓர் அம்புலன்ஸ் எப்படி வெளியே போகும் என்று யாராவது ஒருதடவை நடந்து பார்த்திருக்கிறீர்களா? அடுத்த நிகழ்ச்சிக்கு முன் பாருங்கள். விளம்பரத்தில் நடிகைகளின் படத்துக்குக் கீழே வாசல் திறக்கிற நேரத்தையும் கடைசி பஸ்சின் நேரத்தையும் போடுங்கள். போட்டால், நிற்கிற பகுதியில் எனக்கும் மச்சாளுக்கும் இரண்டு ரிக்கெற். அவள் அதற்காக இலண்டனிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு ரசிகை