அப்பாவிடம் தனியாகக் கேள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது பெரிய ஆறுதல். இங்கே அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் இதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் முதல் அப்பாவைக் குளிப்பாட்ட, உடை மாற்ற ஓர் ஆள் வரப்போவதாக எழுதியிருந்தாய். "நல்ல ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரி என் மனதை விட்டுப் போகவே இல்லை. நானும் இதே கேள்வியோடு திண்டாடியவள்தானே.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தபோது ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். முதல் இரண்டு மாதத்தில் ஏழு பேர் வந்து போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தன் உடம்பைப் பற்றி ஒரு புது ஆளுக்கு அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் குழறுகிற நாக்கோடு. அவர்களில் ஒருவர், கட்டிலிலிருந்து எழுப்ப அவளது இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டார். செயலிழந்த தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்கு வலு இருக்காது. இழுத்தால் மூட்டு நழுவும். மாதக்கணக்கில் வலித்தது. புகார் சொன்னேன். "வேறு ஆளை அனுப்புகிறோம்" என்றார்கள். ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததால்தானே அந்தக் கை இழுபட்டது!

எட்டாவதாக வந்த பெண்தான் நிலைத்தாள். முதல் நாளே கவனித்தேன். சட்டை போடும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைத்தாள், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுத்தாள். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள், பிறகு அம்மாவின் வலது கையில் ஊற்றி, "இந்தச் சூடு போதுமாம்மா?" என்றாள். இடது பக்கத்துக்குச் சூடு உறைக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. துடைக்கிற இடம் தவிர மற்றதைத் துண்டால் மூடியே வைத்திருந்தாள். எதையும் அம்மாவிடமே கேட்டாள், அவள் தலைக்கு மேலாக என்னிடம் கேட்கவில்லை. நீயும் முதல் நாள் இதையெல்லாம் பார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்கடுத்தது. அப்படிப்பட்ட பெண் இருந்தும், ஒருநாள் அம்மாவின் வால் எலும்பு மேல் தடிப்பாக ஒரு சிவப்பு. நாலு நாளாக எரிந்திருக்கிறது, வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா? அப்புறம் உனக்குத்தானே கஷ்டம்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் வருகிறவர் போகிறவர் என்று பத்து பேர் கண் படும். வீட்டிலோ கதவு சாத்திய அறையில் இரண்டே பேர். அதில் ஒருவர் கழிவறைக்குப் போகக்கூட மற்றவரை நம்பியிருக்கிறார். அவர் எப்படிக் குறை சொல்வார்?

அன்றிலிருந்து, அந்தப் பெண் போன பிறகு அம்மா பக்கத்தில் தனியாக உட்காருவேன். "நல்லா பாத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். அதனால், "தண்ணி சூடா இருந்துச்சா? எங்க எரியுது? எதை அவசர அவசரமா செஞ்சாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். மெல்லமெல்லப் பேச ஆரம்பித்தாள்.

அந்தப் பெண்ணுக்கும் அதே பயம் இருந்தது. ஒருமுறை அம்மா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதை அந்தப் பெண் என்னிடம் மறைத்துவிட்டாள். மூன்றாம் நாள் தொடையில் கன்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டதும் அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்தினால் அடுத்த முறையும் மறைப்பாள் என்று அடக்கிக்கொண்டேன். தலையில் அடிபட்டதா என்று மட்டும் கேட்டேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி வைத்தோம். மருந்து கொடுத்த நேரம், திருப்பிப் படுக்க வைத்த நேரம், தோலில் ஏதாவது தெரிந்தால் அது, எல்லாம் அதில் வரும். தவறு நடந்தால் அதையும் எழுதலாம், திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தச் சிவப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப நிறம் வர வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் தோல் கெட ஆரம்பித்துவிட்டது, அதாவது படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நர்ஸிடமோ டாக்டரிடமோ உடனே காட்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்கால் அடியில் தலையணை வை. மேலே நகர்த்தும்போது இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரட்டும், முடித்து அரைமணி நேரம் படுக்க விடாதே. புரை ஏறுவது படுக்கையில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

வருகிறவருக்கு எவ்வளவு நேரம் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடு. அரைமணிக்குக் குறைவான வருகையைச் சில நிபந்தனைகளோடு மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே பழகிய ஆளாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இருபது நிமிடத்தில் ஒருவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடச் சொன்னால் நல்ல மனசுக்காரரும் அவசரத்தில் கையைப் பிடித்து இழுக்கத்தான் செய்வார்.

இன்னொன்று. குளிப்பாட்ட வருபவர் ஆணாக இருக்க வேண்டுமா பெண்ணாக இருக்க வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டாயா? கேட்காமல் அவராகச் சொல்லமாட்டார், உனக்கே தெரியும். நீயும் அவரும் மட்டும் இருக்கும்போது கேள். என்ன சொன்னார் என்று எழுது.

என்றும் உன்,
பழைய தோழி